எல்லையோர ஊரின் பழைய அரசு உயர்நிலைப் பள்ளி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கோட்டை வட்டாரமும், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதற்கு முன்பே தொடங்கி, இன்றும் நடக்கிற அரசுப் பள்ளிகள் இந்த ஊர்களில் பல உண்டு. நூற்றாண்டு மலர் போட நினைக்கும் பழைய மாணவர்களும், பதிவேட்டைப் பொறுப்பேற்ற ஆசிரியர்களும், எல்லை தாண்டிப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

எங்கள் பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது? வாசல் வளைவில் ஓர் ஆண்டு, அலுவலகப் பலகையில் ஓர் ஆண்டு, பெரியவர்கள் சொல்வது வேறு ஆண்டு.

மூன்றும் சரியாக இருக்க வாய்ப்புண்டு. இந்தப் பக்கத்துப் பள்ளிகள் பெரும்பாலும் தொடக்கப் பள்ளியாகத் தொடங்கி, நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை என்று படிப்படியாகத் தரம் உயர்ந்தவை. ஒவ்வொரு தரம் உயர்வுக்கும் தனி ஆணை இருக்கும். வளைவு கட்டியவர்கள் உயர்நிலையான ஆண்டைப் போட்டிருப்பார்கள், பெரியவர்கள் திண்ணைப் பள்ளியிலிருந்து கணக்குச் சொல்வார்கள். மலரில் எல்லா ஆண்டுகளையும், எது எதற்கானது என்ற விளக்கத்தோடு போடுங்கள். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் தவறென்று சொல்லவேண்டாம்.

சான்று தேடும்போது முதலில் எடுக்க வேண்டியது சேர்க்கை நீக்கல் பதிவேடு. கையில் உள்ள மிகப் பழைய தொகுதியின் முதல் சேர்க்கை எண்ணைப் பாருங்கள். 1 என்று தொடங்கினால் அதுதான் முதல் தொகுதி. 900, 1,200 என்று தொடங்கினால் முந்தைய தொகுதிகள் தொலைந்துவிட்டன, பள்ளி அந்தத் தேதியைவிட மூத்தது என்று பொருள். தரம் உயரும்போது எண்ணை மறுபடி 1இலிருந்து தொடங்கிய பள்ளிகளும் இருக்கக்கூடும். ஆகவே முதல் பக்கத்தில் "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே இதே ஊர்ப் பள்ளியின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால், பழைய பதிவேடு வேறெங்கோ இருக்கிறது.

பள்ளியின் பெயரும் ஒரு தடயம். திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் ஆண்டது 1885 முதல் 1924 வரை. அவருடைய அறுபதாண்டு நிறைவு 1917. சேது லட்சுமி பாய் ஆட்சிப் பொறுப்பில் இருந்தது 1924 முதல் 1931 வரை. அதற்குப் பின் சித்திரைத் திருநாள். ஆனால் பழைய பள்ளிக்குப் பின்னாளில் மன்னர் பெயர் வைப்பதுண்டு. எனவே பெயரை வைத்து மட்டும் ஆண்டை முடிவு செய்யக் கூடாது.

1956க்கு முந்தைய ஆணைகளைத் தேடுபவர்கள் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள அரசு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். திருவிதாங்கூர் அரசிதழ்த் தொகுதிகளும் கல்வித்துறைக் கோப்புகளும் அந்தப் பக்கம்தான். பிந்தைய ஆணைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், மாவட்டக் கல்வி அலுவலகம். ஒரே பள்ளிக்கு இரண்டு தலைநகரங்களில் ஆவணம் இருப்பதை மறந்துவிட்டுச் சென்னையில் மட்டும் தேடி, "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று திரும்புவதுதான் அடிக்கடி நடக்கிறது.

பதிவேட்டில் 1110, 1112 என்று ஆண்டு போட்டிருக்கிறதே?

அது கொல்லம் ஆண்டு. திருவிதாங்கூர் அலுவலகங்கள் இதைத்தான் எழுதின. ஆண்டு சிங்க மாதம் முதல் தேதி, அதாவது ஆவணி முதல் தேதி, ஆகஸ்டு நடுவில் பிறக்கும். கணக்கு இப்படி: ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆகஸ்டு நடு வரை உள்ள தேதிகளுக்கு 825 கூட்டுங்கள்.

மாதப் பெயர்கள் மலையாள முறையில் இருக்கும். சிங்கம் ஆவணி, கன்னி புரட்டாசி, துலாம் ஐப்பசி, விருச்சிகம் கார்த்திகை, தனு மார்கழி, மகரம் தை, கும்பம் மாசி, மீனம் பங்குனி, மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி, கர்க்கடகம் ஆடி.

உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க இரண்டு தெரிந்த நாட்களை வைத்துக்கொள்ளுங்கள். கோயில் நுழைவுப் பிரகடனம் 1112 துலாம் 27. 824 கூட்டினால் 1936, அது நவம்பர் 12. கேரளத்தில் "தொண்ணூற்றொன்பது வெள்ளம்" என்று இன்றும் சொல்லும் பெருவெள்ளம் 1099 கர்க்கடகம். 825 கூட்டினால் 1924, ஜூலை மாதம்.

சிக்கல் வருவது தனு மாதத்தில்தான். அது டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிகிறது. தனு 17ஐ ஒட்டி ஆங்கிலப் புத்தாண்டு வரும். தனு 5 என்றால் 824, தனு 25 என்றால் 825. தனு 16, 17, 18 ஆகிய தேதிகளை அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் மாற்றாதீர்கள். மலரில் போடும்போது மூலத் தேதியை அப்படியே கொடுத்து, மாற்றிய தேதியைப் பக்கத்தில் போடுவது நல்லது. பின்னால் வருகிறவர் சரிபார்க்கலாம்.

"நாலாம் பாரம்", "ஆறாம் பாரம்" என்றால் இன்றைய எந்த வகுப்பு?

முதல் பாரம் ஆறாம் வகுப்பு. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் நாலாம் பாரம் ஒன்பது, ஆறாம் பாரம் பதினொன்று. பள்ளிப் படிப்பு அன்று 11 ஆண்டு. முதல் பாரத்துக்கு முன்னால் திருவிதாங்கூர் ஆங்கிலப் பள்ளிகளில் பிரிப்பரேட்டரி வகுப்பு இருந்தது, அதை ஐந்தாம் வகுப்பாகக் கொள்ளலாம். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோதுதான் பத்தாம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. என்று ஆனது. ஆகவே, 1970இல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர் 11 ஆண்டு படித்தவர்.

ஓர் எச்சரிக்கை. பழைய சான்றிதழில் "இ.எஸ்.எல்.சி." என்று இருந்தால் எந்த அரசு கொடுத்தது என்று பாருங்கள். திருவிதாங்கூரில் அது ஆங்கிலப் பள்ளி இறுதிச் சான்றிதழ், ஆறாம் பாரம் முடித்ததற்கு. சென்னை மாநிலத்தில் அதே எழுத்துகள் எட்டாம் வகுப்புத் தேர்வைக் குறித்தன. இதைக் கவனிக்காமல் பள்ளி இறுதி முடித்த ஒருவரை எட்டாவது என்று மலரில் போட்டுவிட்டால், அவர் குடும்பத்துக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும்!

சம்பளக் கணக்கில் ரூபாய், சக்கரம், காசு என்று மூன்று கட்டம் இருக்கிறது. எப்படிக் கூட்டுவது?

பள்ளிக் கட்டணத்தை அன்று சம்பளம் என்றார்கள். திருவிதாங்கூர் நாணயத்தில் 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக, ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம். 2 ரூபாய் 14 சக்கரம் என்றால் இரண்டரை ரூபாய். கூட்டும்போது சக்கரக் கட்டத்தில் 28 சேர்ந்தால்தான் ரூபாய்க்கு ஒன்று ஏறும். அணாக் கணக்குப் பழகியவர்கள் 16இல் ஏற்றிவிட்டு, பழைய குமாஸ்தாவின் கூட்டல் தப்பு என்று எழுதுகிறார்கள். குமாஸ்தா சரியாகத்தான் போட்டிருப்பார்.

பதிவேட்டின் ஒரு வரியில் என்னென்ன தெரிந்துகொள்ளலாம்?

பள்ளியின் வரலாறு திறப்பு விழாக் கல்வெட்டில் இருப்பதைவிட இந்த வரிகளில் அதிகம் இருக்கிறது. யார் உள்ளே வந்தார்கள், யார் நடுவில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதை வேறெந்த ஆவணமும் இவ்வளவு நேராகச் சொல்வதில்லை. விளக்கத்துக்காக நாங்களே எழுதிய ஒரு மாதிரி வரியைப் பாருங்கள்:

*சேர்க்கை எண் 418. சேர்ந்தது 1110 இடவம் 21. பாதுகாவலர்: தாய்மாமன். தொழில்: கூலி. முன்பு படித்தது: ஊர்த் தொடக்கப் பள்ளி. சேர்ந்த வகுப்பு: முதல் பாரம். நீங்கியது 1111 மகரம் 3. காரணம்: சம்பளம் கட்டாமை.*

இடவம் 21 என்பது 1935 ஜூன் தொடக்கம். மகரம் 3 என்பது 1936 ஜனவரி நடு. ஒரு கூலிக் குடும்பத்துப் பையன் முதல் பாரம் வரை வந்து, எட்டு மாதம்கூட முடியாமல் சம்பளம் கட்ட முடியாமல் நின்றிருக்கிறான். பாதுகாவலர் தாய்மாமன் என்பதால் அப்பா இல்லை என்று உடனே முடிவு கட்டக் கூடாது. சொத்து தாய்மாமனிடமிருந்து மருமக்களுக்குப் போகும் மருமக்கள் வழி நடந்த குடும்பங்களில் தாய்மாமனே காரணவராக, அதாவது குடும்பத் தலைவராக, கையெழுத்திடுவது வழக்கம். நாஞ்சில் நாட்டில் இதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும்.

"காரணம்" கட்டத்தை ஆண்டுவாரியாக எண்ணிப் பாருங்கள். சம்பளம் கட்டாமை, நெடுநாள் வராமை, ஊர் மாற்றம், மேற்படிப்பு என்று நாலைந்து வகைக்குள் அடங்கிவிடும். கட்டணம் நீங்கிய பின் முதல் வகை எப்படிக் குறைகிறது, எட்டாம் வகுப்போடு பெண் பிள்ளைகள் எந்த ஆண்டு வரை நின்றுகொண்டே இருந்தார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு கட்டத்திலேயே வந்துவிடும்.

பிறந்த தேதியை மட்டும் அப்படியே நம்பவேண்டாம். மே கடைசி, ஜூன் முதல் தேதி என்று வரிசையாக வந்தால், பள்ளி திறக்கும் நாளில் ஐந்து வயது நிறைவதற்குத் தோதாக வாத்தியார் போட்ட தேதி அது.

எல்லாப் பிள்ளைகளும் அன்று சேர முடிந்ததா?

இல்லை. திருவிதாங்கூரில் 1817லேயே ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணை போட்டார். இந்த வரலாற்றை எழுதுகிற எல்லோரும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். ஆனால் அந்த ஆணைக்குப் பிறகும் நெடுங்காலம் புலையர், பறையர் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியின் வாசல் மூடியே இருந்தது. 1907இல் சாதுஜன பரிபாலன சங்கத்தைத் தொடங்கிய அய்யன்காளி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்காகப் பெரும் போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. ஊரூட்டம்பலத்தில் ஒரு புலையர் சிறுமியைச் சேர்க்கப்போய் பள்ளிக்கூடமே தீக்கிரையானது.

உங்கள் பதிவேட்டில் சாதிக் கட்டத்தைப் படித்து, ஒடுக்கப்பட்ட சமூகத்தின் முதல் பிள்ளை எந்த ஆண்டு சேர்ந்தது, எந்த வகுப்பு வரை போனது என்று கண்டுபிடியுங்கள். முதல் பெண் பிள்ளையையும் அப்படியே தேடுங்கள். மலரில் முதல் தலைமையாசிரியர் படத்துக்குக் கொடுக்கும் இடத்தை இந்தத் தகவலுக்கும் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

1956இல் பள்ளிக்குள் என்ன மாறியது?

மாற்றம் கல்வியாண்டின் நடுவில் வந்தது. அதனால் 1956–57 பதிவேடுகளைத் தனியாக எடுத்துவைத்துப் பாருங்கள்: முத்திரை, படிவத்தின் தலைப்பு, மேலதிகாரியின் கையெழுத்து மூன்றும் ஆண்டு முடிவதற்குள் மாறியிருக்கும். சங்கு முத்திரை திருவிதாங்கூர்க் காலத்துடையது. 1949 ஜூலை 1 முதல் திரு–கொச்சி. பிறகு சென்னை, 1969 ஜனவரி முதல் தமிழ்நாடு. ஊழியர்கள் இரண்டு மாநிலங்களுக்கும் பிரித்து ஒதுக்கப்பட்டதால், ஆசிரியர் பட்டியலில் சில பெயர்கள் சட்டென்று நின்று புதுப் பெயர்கள் தொடங்கும். அது தண்டனை மாறுதல் இல்லை.

காலை வணக்கமும் மாறியது. மன்னராட்சியில் பாடியது வஞ்சீச மங்களம். 1970இல் தமிழ்நாடு அரசு "நீராருங் கடலுடுத்த" பாடலைத் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. அதை எழுதிய பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். அந்த வகையில், பாட்டு மாறினாலும் பாடல் இதே மண்ணிலிருந்துதான் வந்தது. எல்லையோரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மலையாளம் ஒரே நாளில் மறையவில்லை. விளவங்கோடு பக்கம் மலையாள வழிப் பிரிவுகள் இன்றும் உண்டு.

புகழ்பெற்றவர்கள் எங்கள் பள்ளியில் படித்தார்கள் என்று மலரில் போடலாமா?

சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருந்தால் சேர்க்கை எண்ணோடு போடுங்கள். இல்லாவிட்டால் "ஊரில் இப்படிச் சொல்கிறார்கள்" என்று மட்டும் எழுதுங்கள். செங்கோட்டைக்காரரான வாஞ்சிநாதன் 1886இல் பிறந்தவர். அவர் படித்த பள்ளி என்று உரிமை கொண்டாட வேண்டுமானால் 1890களின் பதிவேடு கையில் இருக்க வேண்டும்.

பதிவேடுகளைப் படம் எடுத்துச் சேமிப்பது எப்படி?

முதலில் தலைமையாசிரியருக்கு எழுத்தில் விண்ணப்பம். எந்தத் தொகுதிகள், எத்தனை நாள், யார் யார் தொடுவார்கள், படங்கள் யாரிடம் இருக்கும் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். பதிவேடு நிரந்தர ஆவணம். அலுவலக அறையை விட்டு வெளியே போகக் கூடாது. "வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்" என்று போன தொகுதிகள் திரும்பாமல் போவதுதான் இழப்புக்கு முதல் காரணம். கறையான் அதற்கு அடுத்தபடிதான்.

சாரல் காலத்தில், அதாவது ஜூன் முதல் ஆகஸ்டு வரை, செங்கோட்டைப் பக்கம் பழைய தாளைப் பிரிக்கவே வேண்டாம். ஈரம் குடித்த தாள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், பிரித்தால் மேல் தோல் உரியும். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும் தோதான காலம். பொதுத்தேர்வு வேலை தொடங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

செல்போன் போதும். சன்னலோரம் மேசையைப் போட்டு, நேர் வெயில் படாமல், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். போனை மேலிருந்து நேராகப் பிடிக்க ஒரு ஸ்டாண்டு தேவை, கையால் பிடித்தால் ஓரத்து எழுத்து சாயும். ஒரு படத்தில் ஒரு பக்கம்தான். முதுகு விறைத்த தொகுதியை அமுக்கி விரிக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மடித்த துணி வைத்து, பாதி விரிப்பிலேயே எடுங்கள். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தொகுதி எண்ணும், பக்கத்தில் உள்ள முதல், கடைசிச் சேர்க்கை எண்களும் வரட்டும். அப்படி வைத்தால் நாளைக்கு யாராவது டிசி நகல் கேட்டு வரும்போது ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். மூன்று பிரதிகள் வையுங்கள், ஒன்று பள்ளிக் கணினியில், மற்ற இரண்டும் தனித்தனி ஹார்டு டிஸ்கில்.

கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்து எடுத்துவிடும். லேமினேஷனும் வேண்டாம். பீரோவைச் சுவரை ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி, கட்டை மேல் ஏற்றி வைத்தால் கறையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும்.

ஓட்டுக் கட்டடம் ஒழுகுகிறது. பழைய மாணவர்கள் நாங்களே சரிசெய்யலாமா?

நேரடியாகக் கைவைக்கக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியர் வழியாகப் பொதுப்பணித்துறைப் பொறியாளரின் மதிப்பீடு வாங்கிய பிறகே வேலை. பணம் தருவதற்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி" திட்டம் இருக்கிறது.

ஒழுகலுக்கு உடைந்த ஓடு மட்டும் காரணம் என்று நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு கூரைகள் சேரும் கால்வாயில் இலைச் சருகு அடைத்து, தண்ணீர் பின்வாங்கி, ஓட்டைத் தாங்கும் மரச் சட்டமான ரீப்பரின் நுனி மக்கியிருக்கும். ஓட்டை மாற்றினால் அடுத்த மழையில் அதே இடம் ஒழுகும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவருக்கு சிமெண்ட் பூசுவதும் தவறு. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பலகை பலகையாக விழும். ஒரு பங்கு நீர்த்த சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் சேர்த்த பூச்சுதான் அதற்கு ஒத்துவரும்.

ஓட்டின் அடியில் பொறித்த ஆண்டைக் கட்டடத்தின் ஆண்டாக எடுக்காதீர்கள். ஓட்டுக் கம்பெனி தொடங்கிய ஆண்டை அச்சில் போடும் பழக்கம் உண்டு.

கேரளத்தில் படித்த பிள்ளையை இங்கே சேர்க்க என்ன வேண்டும்?

அங்குள்ள பள்ளி தரும் டிசியில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வாங்கிக்கொண்டு வாருங்கள். இது இல்லாமல் வந்து அலைகிறவர்கள்தான் அதிகம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், கடைசி வகுப்பின் மதிப்பெண் பட்டியல் கூடவே இருக்கட்டும். கேரளத்தில் மாணவர் விவரம் "சம்பூர்ணா" என்ற இணையதளத்தில் இருக்கும், இங்கே எமிஸ் தளத்தில். அங்கே பெயரை நீக்கினால்தான் இங்கே ஏற்றும்போது தடங்கல் வராது. எட்டாம் வகுப்பு வரை டிசி தாமதமானாலும் சேர்க்கையை மறுக்க முடியாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 5ஆம் பிரிவில் அப்படித்தான் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து இந்தச் சலுகை இல்லை.

பெயர் எழுதும் முறையில் கவனம் தேவை. அங்கே முதலெழுத்து பெயருக்குப் பின்னால் வரும், வீட்டுப் பெயரும் சேரலாம். இங்கே முன்னால். பிறப்புச் சான்றிதழ், ஆதார், எமிஸ் மூன்றையும் ஒன்பதாம் வகுப்பிலேயே அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பத்தாம் வகுப்புக்கு நாமினல் ரோல், அதாவது தேர்வு எழுதுவோர் பட்டியல், போன பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

மாற்றுவதானால் ஏப்ரல், மே விடுமுறையில் மாற்றுங்கள். இரண்டு மாநிலங்களிலும் ஜூனில்தான் பள்ளி திறக்கிறது. அங்கே ஓணப் பரீட்சை, கிறிஸ்துமஸ் பரீட்சை என்று போகும், இங்கே காலாண்டு, அரையாண்டு. நடுவில் வந்தால் பாடம் எங்கேயும் பொருந்தாது.

இடையில் ஓரிரு ஆண்டு கேரளத்தில் படித்தால் அரசுச் சலுகைகள் போய்விடுமா?

சில போய்விடும், மாற்றும் முன் இதை யோசியுங்கள். மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் 2021இல் இதே முறை வந்தது. கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் 6 முதல் 12 வரையிலான படிப்பையே பார்க்கின்றன. பாட்டி வீட்டில் இருந்துகொண்டு ஆறாம் வகுப்பு மட்டும் ஆரியங்காவில் படித்த பிள்ளைக்கு இந்த வாய்ப்பு கிடைக்காமல் போகலாம். கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழும் இங்குள்ள இடஒதுக்கீட்டுக்கு உதவாது. தாசில்தார் அலுவலகத்தில் புதிதாக வாங்க வேண்டும்.

மலையாள வழியில் படித்த பிள்ளைக்குத் தமிழ் எழுத எவ்வளவு கஷ்டமாக இருக்கும்?

பேச்சு தெரிந்திருப்பதால் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும் என்று வீட்டில் நினைப்பார்கள். படிப்பது சீக்கிரம் வந்துவிடும், எழுத்தில்தான் தடுமாற்றம். மலையாள வினைக்கு ஆண், பெண், ஒருமை, பன்மை விகுதி கிடையாது, எல்லாவற்றுக்கும் "வந்நு" ஒன்றுதான். அதனால் "அக்கா நேற்று வந்து" என்று எழுதி நிறுத்தும் பிள்ளைக்கு, வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்ற ஐந்தையும் அட்டவணையாகப் போட்டு தினமும் பத்து வினைகளை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஐகாரத்தில் முடியும் சொற்கள் அடுத்த தடுமாற்றம்: மலை "மல"வாகும், தலை "தல"யாகும். மூன்றாவது ககர வரிசை. மலையாளத்தில் நாலு எழுத்துக்குப் பழகிய பிள்ளை, தமிழில் ஒரே "க"வை எங்கே அழுத்துவது, எங்கே மென்மையாக்குவது என்று தேடும். அதற்கு வாய்விட்டு வாசிப்பது ஒன்றே வழி.

2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்கும் சட்டப்படி பத்தாம் வகுப்பில் தமிழ் கட்டாயம். வெளிமாநிலத்திலிருந்து இடையில் வந்து சேர்ந்த பிள்ளைக்கு விலக்குக் கேட்கலாம். அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ் வழியில் படிக்க முடியுமா?

முடியும். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமும், இடுக்கியில் மூணாறு, பீர்மேடு தோட்டப் பகுதிகளிலும் தமிழ் வழிப் பள்ளிகள் இருக்கின்றன. கேரள அரசு பாடநூலைத் தமிழில் அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் உண்டு.

சாப்பாடு, பஸ், லீவு?

சத்துணவு 1982 ஜூலை 1 அன்று சிறு பிள்ளைகளுக்குத் தொடங்கி, 1984இல் 15 வயது வரை விரிந்தது. இன்று பத்தாம் வகுப்பு வரை உண்டு. 6 முதல் 8 வரை ஒரு பிள்ளைக்கு 150 கிராம் அரிசிக் கணக்கு, பள்ளி நாட்களில் முட்டை, முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். 11, 12ஆம் வகுப்புக்குக் கிடையாது, வீட்டிலிருந்து கட்டிக் கொடுங்கள். அவர்களுக்குப் பதினொன்றில் சைக்கிள் வரும்.

தமிழ்நாட்டு இலவசப் பயண அட்டை கேரள அரசுப் பேருந்தில் செல்லாது. எல்லைக் கிராமத்தில் எந்த பஸ் முதலில் வந்தாலும் ஏறிவிடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

குமரி மாவட்டத்தில் ஓணத்துக்கும், நவம்பர் 1 இணைப்பு நாளுக்கும், கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். அந்தச் சனிக்கிழமையை மறந்து வராமல் இருப்பதால்தான் வருகைப்பதிவு குறைகிறது.

பதிவேட்டுத் தகவலை மலரில் எந்த அளவுக்கு அச்சிடலாம்?

சேர்ந்த ஆண்டு, வகுப்பு, மொத்த எண்ணிக்கை, காரணவாரிக் கணக்கு எல்லாம் தாராளமாகப் போடலாம். தனி ஒருவரின் பெயரோடு சாதி, பெற்றோர் தொழில், பிறந்த தேதி, நீக்கக் காரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் போடாதீர்கள். உயிரோடு இருப்பவரானால் அவருடைய எழுத்துச் சம்மதம் வேண்டும், இறந்தவரானால் குடும்பத்தாரைக் கேளுங்கள். பக்கத்தின் படத்தை மலரில் போட விரும்பினால், பெயர்க் கட்டத்தையும் சாதிக் கட்டத்தையும் வெள்ளைத் தாளால் மறைத்துவிட்டுப் படம் எடுங்கள். கணினியில் கறுப்பு பூசி மறைத்த படத்தை அச்சகத்துக்கு அனுப்பும்போது, மறைக்காத மூலக் கோப்பும் கூடவே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.